ரிடுக்ஸிமாப் தொடங்குவதற்குள் அத்தைக்கு எந்தத் தடுப்பூசி, எந்த வரிசையில்?

2 ஆகஸ்ட் 2025, இரவு 9.40

என் அத்தைக்கு 71 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தனியாக இருக்கிறார். நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருப்பதால் அவருடைய மருத்துவச் சீட்டுகள் எல்லாம் என்னிடம்தான் உள்ளன. பல ஆண்டுகளாக முடக்குவாதம். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட், தினமும் 5 மில்லிகிராம் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு; இரண்டுமே நோயெதிர்ப்பைக் குறைப்பவை. சர்க்கரையும் உண்டு. இளவயதில் வந்த காசநோய் வலது நுரையீரலின் மேல்பகுதியில் தழும்பை விட்டுச் சென்றிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை வந்தால் சளி நெஞ்சில் இறங்கிவிடும்.

மூட்டு வீக்கம் மாத்திரைக்கு அடங்கவில்லை என்பதால் அக்டோபர் கடைசியில் ரிடுக்ஸிமாப் என்ற மருந்தை ஏற்றலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். காசநோய் வந்துபோன உடம்பு என்பதால் டி.என்.எஃப். தடுப்பு என்ற வேறு வகை மூட்டுநோய் மருந்துகளை அவர் தவிர்க்கிறார். சீட்டின் கீழே "அதற்குள் தடுப்பூசிகளை முடிக்கவும்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார். எவை, எந்த வரிசை, எவ்வளவு இடைவெளி என்று அதில் இல்லை. அடுத்த முறை பார்க்கும்போது விவரமாகக் கேட்க வேண்டும்.

மருந்துக்கடையில் நிமோனியா ஊசி என்று கேட்டால் வெவ்வேறு விலையில் மூன்று பெயர்களைச் சொல்கிறார்கள். துபாயில் இருக்கும் அத்தான் (அத்தையின் மகன்), "எது நல்லதோ அதையே போட்டுடு, காசு அனுப்புறேன்" என்கிறார். எது நல்லது என்பதுதான் எனக்கும் கேள்வி. இப்படிப்பட்ட நிலையில் உள்ள பெரியவருக்குத் தடுப்பூசி போட்டுப் பழக்கம் உள்ளவர்கள் எழுதுங்கள். நானும் தெரிந்துகொள்வதை இங்கேயே குறித்துவருகிறேன்.

3 ஆகஸ்ட், காலை 7.15

"ரிடுக்ஸிமாப் போட்ட பிறகு நிதானமாகப் போட்டுக்கொள்ளலாமே, என்ன அவசரம்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவசரத்துக்குக் காரணம் அந்த மருந்து வேலை செய்யும் விதம். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கும் அணுக்களின் மூதாதைகளான பி செல்களை அது அழிக்கிறது. அவை திரும்ப வருவதற்குப் பொதுவாக ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அந்த இடைக்காலத்தில் ஊசி போட்டால் கையில் வலி இருக்கும், பாதுகாப்பு பெரிதாக இருக்காது. ஆகவே மருந்து ஏற்றுவதற்குக் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் நான்கு வாரம் முன்னதாகவே தடுப்பூசிகள் உடம்பில் இறங்கியிருக்க வேண்டும். ஃப்ளூ ஊசி மட்டும் விலக்கு: பருவம் வந்துவிட்டால் ரிடுக்ஸிமாப் எடுத்துக்கொண்டிருப்பவருக்கும் அதைத் தள்ளிப்போடக் கூடாது என்பது அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல்.

எனவே எனக்கு இருப்பது ஆகஸ்டும் செப்டம்பரும்தான். எல்லாவற்றையும் இந்தக் கணக்குக்குள்தான் பொருத்த வேண்டும்.

6 ஆகஸ்ட், இரவு 11.05

நிமோனியா ஊசி பற்றி நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. பெரும்பாலான குழப்பம் இதில்தான்.

நியூமோகாக்கஸ் என்ற கிருமியில் 100-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மேலே சர்க்கரைப் பொருளாலான ஓர் உறை; அந்த உறை மாறினால் வகை மாறும். தடுப்பூசியின் பெயரோடு வரும் எண், அது எத்தனை உறைகளை உடம்புக்கு அறிமுகம் செய்கிறது என்பதைக் குறிக்கிறது. 13, 20, 23 என்று கேட்டவுடன், எண் பெரிதாக இருப்பதே மேல் என்று தோன்றுவது இயல்பு. எங்கள் தெரு மருந்துக்கடைக்காரரும் அப்படித்தான் 23-ஐ எடுத்து நீட்டினார்.

அந்த 23-இல் வெறும் உறைப்பொருள்தான் இருக்கிறது. எதிர்ப்புப் பொருள் உருவாகும். ஆனால் உடம்பின் நோயெதிர்ப்பு நினைவில் அது ஆழப் பதியாது, சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். 13, 20 ஆகியவற்றில் அதே உறைப்பொருளை ஒரு புரதத்தோடு பிணைத்திருக்கிறார்கள். தொண்டை அடைப்பான் கிருமியின் நச்சுப்புரதத்தை, நச்சு நீங்கிய வடிவில் அதற்குப் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பிணைப்பால் டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்களும் வேலைக்கு வருகின்றன, நினைவும் உருவாகிறது. நோயெதிர்ப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும் அத்தை போன்றவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

13-க்கு உள்ள சான்று வலுவானது. நெதர்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 85,000 பேரிடம் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். ஊசியில் அடங்கிய வகைகளால் வரும் நிமோனியா ஏறத்தாழ 45 சதவீதமும், அதே வகைகள் ரத்தம் போன்ற இடங்களுக்குள் புகுந்து உண்டாக்கும் கடும் நோய் 75 சதவீதமும் குறைந்தன. அதே ஆய்வில் எல்லாக் காரணங்களாலும் வரும் நிமோனியாவின் மொத்த எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்; இல்லாவிட்டால் ஊசி போட்ட பிறகு ஒரு சளிக்காய்ச்சல் வந்தாலே பெரியவர்கள் நம்பிக்கை இழந்துவிடுவார்கள்.

20 புதியது. அமெரிக்காவில் 2021-இல் பெரியவர்களுக்கு அனுமதி கிடைத்தது. இந்தியாவில் அண்மையில்தான் வந்திருக்கிறது. எதிர்ப்புப் பொருள் எவ்வளவு உருவாகிறது என்று 13-ஓடும் 23-ஓடும் ஒப்பிட்டுத்தான் அதை அனுமதித்தார்கள். 13-க்கு நடந்ததுபோல் நோய் குறைகிறதா என்று பார்த்த பெரிய சோதனை அந்த அனுமதிக்குப் பின்னால் இல்லை. ஆனால் ஒரே ஊசியோடு வேலை முடிந்துவிடுகிறது. 13 போட்டால் பிறகு 23-உம் போட வேண்டும். நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கு அந்த இடைவெளி குறைந்தது 8 வாரம், மற்றவர்களுக்கு ஓர் ஆண்டு.

ஆகஸ்ட் நடுவில் 13 போட்டால் 23-க்கு அக்டோபர் நடுப்பகுதி ஆகிவிடும். ரிடுக்ஸிமாபுக்கு அது மிக நெருக்கம். அதனால் 20 பக்கமே என் மனம் சாய்கிறது. 23-இல் இருந்து 20-இல் இல்லாதவை நான்கு வகைகள்தான். அந்த நான்குக்காக இரண்டாவது ஊசியை இந்தக் குறுகிய காலத்தில் நுழைப்பது தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்பேன்.

7 ஆகஸ்ட், காலை 6.50

நேற்றைய குறிப்போடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். யாராவது ஏற்கெனவே 23-ஐப் போட்டுக்கொண்டிருந்தால், 20 போடுவதற்கு ஓர் ஆண்டு காத்திருக்கச் சொல்கிறார்கள். எனவே "இப்போதைக்குக் கிடைத்ததைப் போடுவோம், நல்லதைப் பிறகு பார்த்துக்கொள்வோம்" என்பது இந்த ஊசியில் செல்லாது. முதலில் எது இறங்குகிறதோ அது அடுத்த ஓராண்டை நிர்ணயித்துவிடும். பழைய சீட்டுகளில் ஏதாவது ஊசி எழுதியிருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். அத்தையின் கோப்பில் கோவிட் சான்றிதழ்கள் மட்டுமே இருந்தன: கோவிஷீல்டு இரண்டு தவணை, 2022-இல் முன்னெச்சரிக்கைத் தவணை.

10 ஆகஸ்ட், மாலை 6.20

மருத்துவரைப் பார்த்தோம். 20 போடலாம் என்றார். 23 பற்றிக் கேட்டதற்கு வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார்.

இன்னொரு முக்கியமான செய்தி. ரிடுக்ஸிமாபுக்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம். வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் (HBsAg), அதன் உட்கருவுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் (anti-HBc) ஆகிய இரண்டையும் பார்க்க வேண்டும். எப்போதோ வந்து அடங்கிய வைரஸ் இந்த மருந்துக்குப் பிறகு விழித்துக்கொண்டு கல்லீரலைக் கெடுத்துவிடக்கூடும் என்பதால், மருந்தின் விவரக்குறிப்பிலேயே இதைக் கட்டம் கட்டிய எச்சரிக்கையாக அச்சிட்டிருக்கிறார்கள். மஞ்சக்குப்பத்தில் ரத்தம் கொடுத்தோம். இரண்டும் இல்லை என்று முடிவு வந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இந்த மருந்தைச் சொல்லியிருந்தால், ஆன்டிஜென் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்த விடாதீர்கள்.

13 ஆகஸ்ட், இரவு 10.30

எந்த ஊசி என்பதற்கு இணையாக, அது எங்கே எப்படி இருந்தது என்பதும் முக்கியம் என்று இன்று உறைத்தது.

20 வகை ஊசி கடலூரில் நான் கேட்ட கடைகளில் இல்லை. புதுச்சேரியில் ஒரு கடையில் இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால், குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் குளிர்பானப் புட்டிகளோடு தடுப்பூசி அட்டைகள் சாய்ந்து கிடந்தன. கதவைத் திறந்து மூடுகிற ஒவ்வொரு தடவையும் முதலில் வெப்பம் ஏறுகிற இடம் அது. வெப்பமானி எங்கே என்று கேட்டேன். "கை வச்சுப் பாருங்க அக்கா, ஜில்லுன்னுதான இருக்கு" என்றார் அங்கிருந்த தம்பி. கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. வாங்காமல் வந்துவிட்டேன்.

இந்த ஊசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். சூடு ஏறக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிகிறது. உறையக் கூடாது என்பதுதான் தெரிவதில்லை. 13, 20 இரண்டிலும் அலுமினியம் பாஸ்பேட் சேர்ந்திருக்கிறது. ஒருமுறை உறைந்துவிட்டால் மருந்தின் அமைப்பே கெட்டுவிடும், திரும்ப உருகினாலும் பழைய நிலைக்கு வராது. பனிக்கட்டிப் பெட்டியில் ஐஸ் கட்டிக்கு மேலேயே ஊசி அட்டையை வைத்து எடுத்துப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கடலூர், புதுச்சேரிக்காரர்கள் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி மின்சாரம். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் நம் இரண்டு ஊர்களுக்கும் நடுவில் கரையேறிய பிறகு எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்பது இங்கே யாருக்கும் மறந்திருக்காது. சென்ற நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் வந்தபோதும் மின்சாரம் போனது. அந்த நேரத்தில் கடையின் ஊசிகள் என்ன ஆயின, ஜெனரேட்டர் உண்டா, வெப்பநிலையைத் தினமும் எழுதி வைக்கிறார்களா என்று கேளுங்கள். நன்றாக நடத்துகிறவர்கள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. இரண்டாவதாகப் போன கடையில், கண்ணாடிக் கதவுக்குள் 4.6 என்று எண் ஒளிர்ந்த வெப்பமானியையும், காலை மாலை கையெழுத்திட்ட நோட்டையும் அவர்களே எடுத்துக் காட்டினார்கள்.

17 ஆகஸ்ட், காலை 8.00

நேற்று போட்டாயிற்று. கன்னியகோயில், ரெட்டிச்சாவடி வழியாகப் பேருந்தில் ஊசியைக் கொண்டுபோவதைவிட, அத்தையைப் புதுச்சேரிக்கு அழைத்து வருவதே பாதுகாப்பு என்று முடிவு செய்தேன். இடக்கை மேற்புறத்தில் போட்டார்கள். இரவு கையைத் தூக்கச் சிரமமாக இருந்தது, காய்ச்சல் இல்லை.

24 ஆகஸ்ட், இரவு 9.10

அக்கி ஊசியைப் பற்றி எழுதுகிறேன். விலையைப் பார்த்துவிட்டு, வரிசையில் இதைக் கடைசியாக வைத்திருந்தேன். ஓய்வூதியத்தில் வாழ்கிற ஒருவருக்கு இரண்டு தவணையும் சேர்த்துப் பெருஞ்செலவு. அதை முன்னுக்குக் கொண்டுவந்தவர் அத்தையே.

மற்ற ஊசிகளைப் பற்றி நான் விளக்கும்போதெல்லாம், "எனக்கு எதுக்கும்மா இத்தனை ஊசி, நான் என்ன கைக்குழந்தையா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கி என்ற பேச்சு வந்ததும் பேசாமல் இருந்தார். பிறகு அவருடைய மூத்த அக்காவைப் பற்றிச் சொன்னார். பெரிய அத்தைக்கு விலாவில் அக்கி வந்தபோது வில்லியனூரில் ஒரு வேளாரிடம் அழைத்துப்போய்க் காவி குழைத்து அக்கி எழுதியிருக்கிறார்கள். கொப்புளங்கள் சில வாரங்களில் காய்ந்துவிட்டன, வலி போகவில்லை. முந்தானை பட்டாலே துடிப்பாராம். அந்தப் பக்கம் மட்டும் ரவிக்கையை இறக்கிவிட்டு, புடவையைக் கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாராம். இறக்கும் வரை அந்த வலி இருந்தது. "நிமோனியாகூட வந்தாப் போகட்டும், அது எனக்கு வேணாம்" என்றார் அத்தை.

அம்மைக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. சிறுவயதில் சின்னம்மை கண்டவர்களின் நரம்பு முடிச்சுகளில் அது உறங்குகிறது. வயதாலோ மருந்தாலோ எதிர்ப்பு குறையும்போது ஒரு நரம்பு வழியாக வெளியே வருகிறது. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால் நோயின் கடுமை குறையும். அக்கி எழுதிக்கொள்வதில் நம்பிக்கை உள்ளவர்களை நான் தடுக்க மாட்டேன். ஆனால் அந்த மூன்று நாள் அங்கேயே கழிந்துவிடுவதுதான் துயரம்.

ஊசியில் இரண்டு தலைமுறைகள் உண்டு. பழையது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ். பயன் ஏறத்தாழ பாதிதான், எதிர்ப்பு குறைந்தவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. அமெரிக்காவில் 2020-இலேயே விற்பனையை நிறுத்திவிட்டார்கள். புதியது ஷிங்ரிக்ஸ், 2023-இல் இந்தியாவுக்கு வந்தது. அதில் வைரஸின் ஒரு புரதத் துண்டு மட்டுமே இருக்கிறது, உயிர் கிடையாது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில் 97 சதவீதமும், 70 வயதைக் கடந்தவர்களிடம் ஏறத்தாழ 90 சதவீதமும் பாதுகாப்பு தெரிந்தது. அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் எதிர்ப்பு குன்றாதவர்கள். மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கும் அத்தைக்கு அதே அளவு கிடைக்கும் என்று நான் கணக்கிடவில்லை. குறைந்தாலும் மிச்சம் பெரிதாகவே இருக்கும்.

பொதுவாக இரண்டு தவணைகளுக்கு நடுவில் 2 முதல் 6 மாதம். எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் குறையப் போகிறவர்களுக்கும் 1 முதல் 2 மாதமாகச் சுருக்கலாம். இந்தச் சலுகை இல்லாவிட்டால் அத்தையின் கணக்கில் இது பொருந்தியே இருக்காது.

முதல் தவணை நேற்று முடிந்தது. இன்று 100.8 காய்ச்சல், உடம்பு வலி, சாப்பிட மனமில்லை. ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு அன்றாட வேலையைச் செய்ய முடியாத அளவு இப்படி இருக்கும், இரண்டு மூன்று நாளில் போய்விடும் என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால் அவர் பயப்படவில்லை. தனியாக இருக்கும் பெரியவருக்கு இந்த ஊசி போட்டால் அன்றிரவு யாராவது கூடத் தங்குவது அவசியம். நான் தங்கியிருக்கிறேன். பாராசிட்டமால் கொடுத்தேன்.

26 ஆகஸ்ட், மதியம் 1.30

காய்ச்சல் விட்டுவிட்டது. காலையில் இட்லி கேட்டுச் சாப்பிட்டார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுவிட்டால் அலைச்சல் மிச்சம்தானே என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். நிமோனியா, ஃப்ளூ, அக்கி மூன்றுமே உயிரற்றவை; ஒரே நாளில் வெவ்வேறு கையில் போடத் தடையில்லை. ஊருக்கு வந்துபோகிற பிள்ளைகளின் விடுமுறைக்குள் முடிக்க வேண்டும் என்றால் அதுவே சரி. அத்தைக்கு மூட்டு வீக்கமும் இருப்பதால், காய்ச்சலோ வலியோ வந்தால் எதனால் வந்தது என்று தெரிய வேண்டும் என நான் பிரித்துப் போட்டேன்.

7 செப்டம்பர், இரவு 10.15

இனி ஃப்ளூ. இந்த ஊசிக்கு மட்டும் ஊரின் வானிலையையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

உலக சுகாதார அமைப்பு ஆண்டுக்கு இருமுறை வைரஸ் வகைகளைத் தேர்ந்தெடுக்கிறது: வட அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியில், தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரில். இந்தியாவின் பெரும்பகுதியில் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடு ஏறுகிறது, ஸ்ரீநகரில் குளிர்காலத்தில். சென்னையிலும் வேலூரிலும் நடந்த கண்காணிப்பில் அக்டோபர், நவம்பரில், வடகிழக்குப் பருவமழையோடு உச்சம் தெரிந்தது. நம் கரைக்கும் அதே மழைதான். எனவே டெல்லிக்காரர்கள் சொல்கிறபடி மே மாதத்தில் போட்டுவிட்டால், நமக்குத் தேவைப்படும் நேரத்தில் ஊசியின் வலு தேயத் தொடங்கியிருக்கும். போட்ட பிறகு எதிர்ப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும் என்பதையும் சேர்த்தால், இங்கே செப்டம்பர்தான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

கடையில் பழைய ஆண்டின் அட்டை கைக்கு வந்துவிட வாய்ப்பு உண்டு. காலாவதித் தேதியோடு, எந்தப் பருவத்துக்கான வகைகள் என்று அட்டையில் அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். மூன்று வகையா நான்கு வகையா என்று கவலைப்பட வேண்டியதில்லை: நான்காவதாக இருந்த பி/யமகட்டா வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை, அதை நீக்கிவிடலாம் என்று உலக சுகாதார அமைப்பே சொல்லிவிட்டது. மூக்கில் தெளிக்கும் வகை உயிருள்ளது. அத்தை போன்றவர்களுக்கு அது வேண்டாம்.

8 செப்டம்பர், காலை 6.30

நேற்று எழுதியதை இரவு முழுவதும் யோசித்தேன். மழைக்காலக் கணக்கு மட்டும் போதாது. புதுச்சேரியில் காய்ச்சல் பரவி ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளை மூடியது 2022 செப்டம்பர் நடுவில். அடுத்து எச்3என்2 என்ற ஃப்ளூ வகையின் பரவலால் மீண்டும் மூடியது 2023 மார்ச்சில். ஒன்று மழைக்கு முன், மற்றொன்று கோடையின் வாசலில். ஆகவே "ஐப்பசி மழைக்கு முன்" என்று பிடிவாதமாகக் காத்திருப்பதும் ஆபத்தே. செப்டம்பர் தொடக்கத்தில் போட்டால் மழைக்காலம் முழுதும் நல்ல வலுவோடும், மார்ச் வரை ஓரளவுக்கும் காக்கும். மே மாதத்திலேயே போட்டுக்கொண்டவர்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. போடாமல் இருப்பதைவிட எந்த மாதமும் மேல்.

14 செப்டம்பர், மாலை 5.45

ஃப்ளூ ஊசி நேற்று முடிந்தது. மெத்தோட்ரெக்ஸேட்டை இந்த வாரமும் அடுத்த வாரமும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். கொரியாவில் முடக்குவாத நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஃப்ளூ ஊசிக்குப் பின் இரண்டு வாரம் இந்த மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு எதிர்ப்புப் பொருள் கூடுதலாக உருவாகியிருக்கிறது. மற்ற ஊசிகளுக்கு மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மூட்டு நோய் அடங்கியிருக்கிறதா என்று பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டிய முடிவு இது. பிரெட்னிசலோனை நிறுத்தவே கூடாது. நெடுநாள் எடுத்த ஸ்டீராய்டைச் சட்டென்று விட்டால் உயிருக்கே ஆபத்து.

21 செப்டம்பர், இரவு 8.50

மாத்திரை நிறுத்தியதில் வலக்கை விரல்கள் காலையில் மடங்கவில்லை என்கிறார். வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு காப்பித் தம்ளரைப் பிடிக்க முயன்று, கடைசியில் இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத் தூக்கிக் குடித்தார். பாதுகாப்பைக் கொஞ்சம் கூட்டுவதற்கு அவர் தருகிற விலை இது. மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டேன்; தாங்க முடியாவிட்டால் நாளையே மாத்திரையைத் தொடங்கச் சொன்னார். அத்தையிடம் சொன்னேன். "இன்னும் ஒரு வாரந்தானே, இருக்கட்டும்" என்றார்.

28 செப்டம்பர், இரவு 9.00

அக்கியின் இரண்டாம் தவணையும் முடிந்தது. இந்த முறை காய்ச்சல் லேசாக வந்து போனது. இன்று மெத்தோட்ரெக்ஸேட்டும் தொடங்கியாயிற்று.

அத்தான் பேசினார். பொங்கலுக்கு வரும்போது சேர்த்துப் போடலாமே என்று தொடக்கத்தில் சொன்னவர், இப்போது தானும் அங்கே ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னார். நானும் போட்டுக்கொண்டேன், அத்தைக்குச் சமைத்துத் தரும் பெண்ணுக்கும் அவருடைய விருப்பத்தைக் கேட்டுப் போட வைத்தோம். ஊசி சரியாகப் பிடிக்காமல் போகக்கூடிய ஒருவருக்கு, அருகில் இருப்பவர்களிடமிருந்து நோய் வராமல் இருப்பதுதான் இரண்டாவது அரண். மாடியில் குடியிருப்பவர்களின் பேரக்குழந்தைக்கு அரசுத் திட்டத்தில் நியூமோகாக்கஸ் ஊசி போட்டிருக்கிறார்கள். 2021 முதல் நாடு முழுவதும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் அந்தக் கிருமி தங்குவது குறைந்தால் வீட்டுப் பெரியவர்களுக்கும் அது நன்மையே. அதே திட்டத்தில் அத்தை போன்றவர்களுக்கு இந்த ஊசியோ ஃப்ளூ ஊசியோ இல்லை என்பது என் மனத்தை உறுத்துகிறது. காசு அனுப்ப ஒரு மகன் இல்லாத 71 வயதுக்காரருக்கு நான் எழுதிய எதுவும் பயன்படாது. மாவட்ட மருத்துவமனையில் முடக்குவாத நோயாளிகளுக்காவது ஃப்ளூ ஊசியை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் பகுதி ஓய்வூதியர்கள் சிலரோடு சேர்ந்து மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

30 அக்டோபர், இரவு 9.30

ரிடுக்ஸிமாபின் முதல் ஏற்றம் முடிந்தது. 1,000 மில்லிகிராம், மெதுவாக, பாதி நாள் பிடித்தது. இரண்டு வாரத்தில் அடுத்தது. ஊசிகளின் தேதி, அட்டையில் இருந்த தொகுதி எண், போட்ட கை எல்லாவற்றையும் மருத்துவரின் கோப்பில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

14 டிசம்பர், காலை 10.40

கேள்விகள் இரண்டு நிலுவையில் இருக்கின்றன.

வில்லியனூரிலிருந்து எழுதியவரின் அப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இந்த நிலையில் ஃப்ளூ ஊசி போடலாமா என்று கேட்கிறார். தாராளமாகப் போடலாம், இதயநோயாளிகளுக்கு அது இன்னும் அவசியம். ஃப்ளூ உறுதியான முதல் ஒரு வாரத்தில் மாரடைப்பு வாய்ப்பு ஆறு மடங்கு கூடுவதை 2018-இல் கனடாவில் கண்டார்கள். மாரடைப்பு வந்து மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு அங்கேயே ஃப்ளூ ஊசி போட்டுப் பார்த்து 2021-இல் வெளியான ஆய்வில், அடுத்த ஓராண்டில் இறப்பு போட்டவர்களிடம் குறைவாக இருந்தது. அவர் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பதால், மெல்லிய ஊசியால் போடச் சொல்லி, பிறகு தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

பண்ருட்டிக்காரரின் மாமாவுக்கு டயாலிசிஸ். அவருக்கு நிமோனியா, ஃப்ளூ ஊசிகளோடு ஹெபடைடிஸ் பி ஊசியும் தேவை. பொதுவாகப் பெரியவர்களுக்குத் தரும் 20 மைக்ரோகிராமின் இரட்டிப்பாக 40, தொடக்கத்திலும் பிறகு 1, 2, 6 மாதங்களிலும். முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவைப் பார்க்க வேண்டும். 10-க்குக் குறைவாக இருந்தால் மறுபடி போடுவார்கள். பிஸ்டுலா (டயாலிசிஸுக்காகச் செய்யும் ரத்தக்குழாய் இணைப்பு) வைத்த கையில் எந்த ஊசியும் போட விடாதீர்கள்.

அத்தைக்கு இந்த மழையில் ஒருமுறை சளி பிடித்தது. நெஞ்சுக்கு இறங்காமல் தொண்டையோடு போய்விட்டது. அது ஊசியால்தான் என்று ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. விரல் வீக்கம் குறையத் தொடங்கியிருக்கிறது. அடுத்த ரிடுக்ஸிமாப் எப்போது என்பதைப் பிப்ரவரியில் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார்.